மறுமொழி: மண்ணில் மின்சாரம் பாய்ச்சி நஞ்சை எடுக்கும் முறை – "மின்பெயர்ப்பு" எனலாமா?

அன்புள்ள ஐயா, குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

மண்ணில் மின்சாரம் பாய்ச்சி நச்சு உலோகங்களை எடுக்கும் முறைக்கு (electrokinetic remediation) தமிழ்ப் பெயராக நீங்கள் முன்வைத்த "மின்னியக்க மண் தூய்மையாக்கம்" என்பதை இரண்டு நாளாக மனத்தில் போட்டுப் பார்த்தேன். இரண்டு இடங்களில் உறுத்துகிறது. "மின்னியக்கு விசை" என்ற சொல் பள்ளிப் பாடநூல்களில் மின்கலத்தோடு சேர்ந்து நிலைத்துவிட்டது. மாணவர் மனம் அங்கேதான் ஓடும். "தூய்மையாக்கம்" இன்னும் சிக்கலானது. ஈயத்தையும் குரோமியத்தையும் மின்சாரம் அழிப்பதில்லை. பற்றியிருக்கும் இடத்திலிருந்து கிளப்பி, மண்ணில் நட்ட மின்வாய்ப் (electrode) பக்கம் கொண்டுபோய்ச் சேர்க்கிறது, அவ்வளவுதான். அங்கிருந்து இறைத்தோ தோண்டியோ எடுப்பது நம் வேலை. பெயரிலேயே தூய்மை வந்துவிட்டால், மின்சாரம் பாய்ச்சியதும் நஞ்சு ஒழிந்தது என்று ஊரார் நம்பிவிடுவார்கள். அந்த மண்ணுக்கு அடியில் இருப்பது அவர்கள் குடிக்கும் தண்ணீர்.

சொல் தேடுமுன் நிகழ்வைக் கண்ணால் பார்க்க விரும்பினேன். ஏரிக் களிமண்ணைப் பிசைந்து கண்ணாடித் தொட்டியில் நிரப்பி, 12 சென்டிமீட்டர் இடைவெளியில் மின்வாய்களாக இரண்டு கரித் தண்டுகளை நட்டு, 12 வோல்ட் மின்கலத்தை இணைத்தேன். சென்டிமீட்டருக்கு ஒரு வோல்ட். களப்பணியிலும் ஏறத்தாழ இந்த அளவுதான். மாலைக்குள் எதிர்மின்வாயைச் சுற்றி நீர் கசிந்து நின்றது. நேர்மின்வாய்ப் பக்கம் மண் வெளிறி வெடித்தது. லிட்மஸ் தாளை ஒற்றினால் நேர்மின்வாயருகே சிவப்பு, எதிர்மின்வாயருகே நீலம். நீர் பகுபட்டு ஒரு பக்கம் அமிலமும் மறுபக்கம் காரமும் பிறக்கின்றன. அமிலம் மண்ணுக்குள் முன்னேறிக் களிமண் துகளில் ஒட்டிய உலோகத்தை விடுவிக்கிறது. விடுபட்டது மின்புலத்தில் நகர்கிறது.

முதலில் பிடுங்கல், பிறகு இடமாற்றம். இந்த இரண்டையும் ஒன்றாகச் சொல்லும் வினை நம்மிடம் இருக்கிறது: பெயர்த்தல். கல்லைப் பெயர்க்கிறோம், வேரோடு பெயர்க்கிறோம். எனவே "மின்பெயர்ப்பு". இன்னொரு வசதியும் உண்டு. அயனி தானே நகர்வது தன்வினை, அது "மின்பெயர்வு". அதைக் கொண்டு நாம் மண்ணைச் சீர்செய்வது பிறவினை, அது "மின்பெயர்ப்பு". "வு" என்பது "ப்பு" ஆவதிலேயே இயற்பியலும் தொழில்நுட்பமும் பிரிந்துவிடுகின்றன.

இந்த முறைக்கு "எதிர்மின்வாய் ஈர்ப்பு" என்று குழுவில் இன்னோர் அன்பர் தந்த பரிந்துரை குரோமியத்திடம் தோற்றுவிடும். மூவிணைதிற குரோமியம் நேர் அயனியாக எதிர்மின்வாய்க்குப் போகும். நச்சு மிகுந்த அறுவிணைதிற குரோமியமோ குரோமேட்டாக, எதிர் அயனியாக, மறுபக்கம் ஓடும். தோல் தொழிலும் மூடப்பட்ட குரோமேட் ஆலையின் கழிவுக் குவியலும் உள்ள ராணிப்பேட்டையை அறிந்த நாம் இதை விடக் கூடாது. பெயராக வைக்கக்கூடிய மற்றவற்றில், "மண் கழுவல்" வேறொரு முறைக்கு வேண்டும். "நில மீட்பு" என்றால் ஆக்கிரமிப்பு அகற்றம் நினைவுக்கு வரும்.

மின்புலத்தில் நீர் நகர்வதற்கு நாம் வைத்திருக்கும் "மின்சவ்வூடு பரவல்" (electroosmosis) என்பதையும் மாற்ற வேண்டும். அறிவியலறிஞர் ராய்ஸ் 1809-இல் மாஸ்கோவில் இந்நிகழ்வைக் கண்டது களிமண்ணில்தான்; அங்கே சவ்வு ஏது? களிமண் துகளின் பரப்பு எதிர்மின்னூட்டம் கொண்டது. அதைச் சூழ்ந்த நேர் அயனிகள் எதிர்மின்வாயை நோக்கி நகரும்போது நீரையும் இழுத்துச் செல்கின்றன. எக்கியால் (பம்பு) உறிஞ்ச முடியாத இறுகிய களிமண்ணிலும் இது நடப்பதால்தான் இந்த முறைக்கே மதிப்பு. "மின்னூறல்" என்று சொல்லிப் பார்க்கிறேன். ஊற்று, ஊறுதல் எல்லாம் மண்ணோடு பிறந்த சொற்கள்.

வேளாண்துறை அன்பர்களிடம் ஒரு கேள்வி. பூரி, ஆனந்த் என்ற ஆய்வாளர்கள் இருவரும் களர் மண்ணை மின்சாரத்தால் சீர்செய்வது பற்றி 1936-இலேயே எழுதியிருக்கிறார்கள். களர் நிலத்தில் அடியிலிருந்து உப்பு கிளம்பி மேலே வருவதை எங்கள் பக்கம் "உப்புப் பூத்தல்" என்பார்கள். உங்கள் பகுதி உழவர்கள் அதற்கோ, மண்ணுக்குள் நீர் ஊர்வதற்கோ வேறு சொல் வைத்திருந்தால் எழுதுங்கள். "மின்னூறல்" என்பதைவிட அது பொருந்தினால் அதையே எடுத்துக்கொள்வோம்.

அன்புடன்.