சின்ன நூலகத்தில் யூதர் புத்தகம் கைக்கு வந்தவர்கள் உண்டா?

கொச்சிக்காரன்

இதை எங்கே சொல்வதென்று தெரியாமல் வருடக்கணக்காக வைத்திருந்தேன்.

எங்கள் வாசகசாலை மட்டாஞ்சேரியில் ஒரு மாடியில் இரண்டு அறை, ஆறு மர அலமாரி. கேரளத்தில் தெருவுக்குத் தெரு இருக்குமே, அந்த வகை. ஞாயிற்றுக்கிழமை பதிவேடு எழுதுவது என் வேலை. ஒரு வருடம் மழைக்கு முன்னால், வீடு காலி செய்தவர்கள் மூன்று அட்டைப்பெட்டிகளைக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார்கள். யூதர்கள் குடியிருந்த ஜூதத் தெருவில் ஆட்களைக் கைவிரலில் எண்ணிவிடலாம் என்று ஆகிவிட்ட காலம் அது. பெட்டிக்குள் பிரார்த்தனைப் புத்தகங்கள், பெசஹா பண்டிகை இரவில் யூதர்கள் படிக்கும் ஹகாடா ஏழெட்டு, ஹீப்ரூ தேதி போட்ட காலண்டர் தாள்கள், திருமணத்துக்கு அச்சடித்த சிறு பாட்டுப் புத்தகங்கள்.

ஹீப்ரூ வலமிருந்து இடம் என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன, கை கேட்க வேண்டுமே. எல்லாவற்றையும் நமக்குப் பழகின பக்கமாகத் திறந்து, முதல் பக்கம் என்று நினைத்துக் கடைசிப் பக்கத்தில் வாசகசாலை முத்திரையை ஓங்கிக் குத்தினேன். முப்பது புத்தகம் முடிந்த பிறகுதான் எல்லாம் தலைகீழாகக் குத்தியிருப்பது தெரிந்தது.

அடுத்த ஞாயிறு ஒரு பெரியவர் வந்தார். வெளிநாட்டில் குடியேறி, ஊர் பார்க்க வந்தவர். மலையாளம் இன்னும் வாயில் அப்படியே இருந்தது. நான் எடுத்துக் கொடுக்கும்போது ஒரு புத்தகம் நழுவிக் கீழே விழுந்தது. அந்த வயதில் அவ்வளவு வேகமாக ஒருவர் குனிந்து நான் பார்த்ததில்லை. எடுத்தார், அட்டையில் முத்தமிட்டார். நாம் கால் பட்ட புத்தகத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்வோமே, அதே அனிச்சை. அப்புறம் கேட்டார், "கிழிஞ்ஞது எவிடெ?"

இறைவன் பெயர் எழுதிய தாள் கிழிந்து போனாலும் குப்பையில் போடக் கூடாதாம். சேர்த்து வைத்து, கல்லறைத் தோட்டத்தில் மண்ணுக்குள் வைப்பார்களாம். நான் உள்ளே போய், அட்டை இல்லாமல் கிடந்த ஒரு சின்னக் கட்டைக் கொண்டுவந்து கொடுத்தேன். "இவ்வளவுதானா?" "இவ்வளவுதான்" என்றேன்.

இவ்வளவுதான் இல்லை. முந்தின வாரம்தான் கரையான் அரித்தது, முதுகு போனது என்று இரண்டு கிலோவுக்கு மேல் ஆக்ரிக் கடைக்கு, அதாவது பழைய பேப்பர் கடைக்குப் போட்டிருந்தேன். அவர் அந்தச் சின்னக் கட்டைத் துணிப்பையில் வைத்து, "நன்னாயி" என்றார். அந்த 'நன்னாயி'தான் இன்றைக்கும் காதில் கேட்கிறது.

உங்களுக்கு இப்படி ஏதாவது நடந்திருக்கிறதா?

தாணே மாமி

என் கதையில் பாவம் எதுவும் இல்லை, அசட்டுத்தனம்தான். எங்கள் குடியிருப்பில் வாட்ச்மேன் அறைக்குப் பக்கத்தில் ஒரு நூலக அலமாரி உண்டு. அதில் ஒரு மராட்டிச் சிறுநூல். தேங்காய், அவல், சர்க்கரை, பழங்கள், வெற்றிலை என்று பட்டியல் இருந்தது. சத்யநாராயண பூஜைப் புத்தகம் என்று எடுத்துவந்து இரண்டு நாள் சுவாமி அலமாரியில் வைத்திருந்தேன்! மூன்றாம் நாள் பிரித்துப் படித்தால் எலியாஹு ஹன்னாவி என்று வருகிறது.

கீழ்வீட்டு ஆன்ட்டி பெனே இஸ்ரேல், அதாவது மராட்டி பேசும் யூதர் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். பத்து வருடமாக அக்கம்பக்கம்! அது மலிதா என்ற நன்றிப் படையல். வேண்டுதல் நிறைவேறினால், கல்யாணத்துக்கு முன்னால் என்று செய்வார்கள், எலியாஹு தீர்க்கதரிசியை நினைத்து. அலிபாக் பக்கம் கண்டாலா என்ற ஊரில் அவருடைய ரதம் பட்ட தடம் பாறையில் இருக்கிறது என்பது அவர்கள் நம்பிக்கை. கொங்கணத்தில் எண்ணெய் ஆட்டிப் பிழைத்து சனிக்கிழமை மட்டும் செக்கை ஓட்டாததால் ஊரார் 'சனிவார் தேலி' என்றார்களாம். ஆன்ட்டி சிரித்துக்கொண்டே சொன்னார். புத்தகத்தின் நடுவில் ஓர் அவல் ஒட்டிக் காய்ந்திருந்தது. யாரோ சமையலறையில் வைத்துப் பார்த்துச் செய்திருக்கிறார்கள்.

அலமாரி

கொச்சிக்காரன் சார், வருத்தம் புரிகிறது. ஆனால் ஜூதத் தெருப் பெட்டி மூன்றை வைத்துக்கொண்டு கொச்சி யூதர் வாழ்க்கையே கையில் இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். பரதேசிப் பள்ளி, அதாவது பிற்காலத்தில் வெளிநாட்டிலிருந்து வந்த யூதர்களின் தொழுகைக்கூடம், 1568ல் கட்டியது, வெள்ளை ஓடு, நீல ஓடு, கண்ணாடி விளக்கு, எல்லாரும் படம் எடுப்பது அங்கேதான். இருபதாம் நூற்றாண்டில் பள்ளிகள் மொத்தம் எட்டு. மட்டாஞ்சேரியில் மூன்று, எறணாகுளத்தில் இரண்டு, பரவூர், சேந்தமங்கலம், மாளா. ஏழு, அவர்களுக்கு முன்பே இங்கே இருந்த மலபாரி யூதர்களுடையவை, ஆள் தொகையும் அவர்களிடம்தான் அதிகம். சேந்தமங்கலத்தில் 1269ஆம் வருடத்துக் கல்லறைக் கல் இருக்கிறது, சாரா என்ற பெண்ணுடையது. எத்தனை பேர் போய்ப் பார்த்திருப்பார்கள்?

பரதேசிப் பள்ளிக்குள்ளேயே மேல் கீழ் இருந்தது. விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழிவந்தவர்கள் என்று சிலரை வெளி முற்றத்தில் தரையில் உட்கார வைத்தார்கள். ஏ. பி. சேலம் என்ற வக்கீல் அந்த வழி வந்தவர். உள்ளேயே சத்தியாகிரகம் செய்தார், அதனால்தான் 'யூத காந்தி' என்று பெயர்.

என் அனுபவம் ஒரே வரி: ஒரு கிராம வாயனசாலையில் ஹகாடா ஒன்று பார்த்தேன், முழுக்க செல்லோடேப் ஒட்டியிருந்தது. வயிறு எரிந்தது. ஆகவே தயவுசெய்து எல்லாரும் கேளுங்கள். செல்லோடேப் வேண்டாம், நாலைந்து வருடத்தில் மஞ்சளாகிப் பசை எழுத்துக்குள் இறங்கிவிடும். மெல்லிய ஜப்பான் தாளும் கோதுமைமாவுப் பசையும் போதும், நாளைக்குத் தண்ணீர் தொட்டால் பிரிந்து வரும். லாமினேஷன் கூடவே கூடாது. அலமாரியை வெளிச்சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள், கொச்சி மழைக்கு ஓதம் ஏறும். முதுகு போன புத்தகத்தை நிறுத்தாமல் படுக்க வையுங்கள். பூச்சிக்கு ரசகற்பூர உருண்டையை நெருங்கிய அறையில் போட்டால் படிக்கிறவருக்குத் தலைவலி. துணிமுடிச்சில் வசம்பு வைக்கலாம், நம் ஏட்டுச்சுவடிக்காரர்களின் பழைய வழி. முத்திரைக்கு ரப்பர் ஸ்டாம்ப் மை எதற்கு? பென்சிலில் எண் போடுங்கள், அதுவும் உள் அட்டையில். பூச்சி பிடித்ததைத் தனியாகப் பாலிதீன் பையில் கட்டி...

கொச்சிக்காரன்

அலமாரி சார், நான் கேட்டது வசம்பு இல்லை. போனது இரண்டு கிலோ.

மேல் கீழ் பற்றி நீங்கள் சொன்னது சரி. பெட்டியில் அதைப் பற்றி ஒரு தாள்கூட இல்லை.

அலமாரி

தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தெரியாமல் செய்தது. கெய்ரோவில் ஒரு பள்ளியில் அப்படிப் பழந்தாள் போட்டுவைத்த அறையை யாரும் காலி செய்யாமல் விட்டதால்தான், பன்னிரண்டாம் நூற்றாண்டில் மலபார்க் கரையில் இருந்த யூத வியாபாரிகளின் கடிதங்களே நமக்குக் கிடைத்தன. மிளகு, பித்தளை, கடன் பாக்கி எல்லாம் அதில் வருகிறது. ஆக்ரிக் கடைக்காரரிடம் கேட்டுப் பார்த்தீர்களா?

கொச்சிக்காரன்

மறுநாளே போனேன். லாரி ஏற்றிவிட்டார்கள்.

வட்டெழுத்து

என்னுடையது வெட்கக் கதை. கல்லூரி முடித்த வருடம், எறணாகுளத்தில் ஒரு சங்கத்து நூலகம். பரதேசிப் பள்ளியின் 400ஆம் ஆண்டு விழா பற்றிய மலர் கிடைத்தது. 1968 டிசம்பரில் நடந்த விழா, இந்திரா காந்தி வந்தார், 20 காசு தபால்தலைகூட விட்டார்கள். உள்ளே செப்பேட்டின் படம். சேர அரசன் பாஸ்கர ரவிவர்மன் யூதத் தலைவர் ஜோசப் ரப்பானுக்குக் கொடுத்தது, ஏறக்குறைய கி.பி. 1000. நான் அப்போதுதான் வட்டெழுத்து கற்றுக்கொண்டிருந்தேன், திமிர் வேறு. எழுத்துக் கூட்டிச் சத்தமாகவே படித்தேன். பெயர் 'இசுப்பு இரப்பான்' என்று வருகிறது, நம் வீட்டு ஆள் மாதிரி. அஞ்சுவண்ணம் என்ற வணிகக் குழு, எழுபத்திரண்டு விடுபேறு, அதாவது உரிமைகள். அந்தச் சலுகைகளில்: பகல்விளக்கு, பாவாடை...

பாவாடை என்றதும் சிரித்துவிட்டேன். ராஜா பாவாடை கொடுத்தாராம் என்று பக்கத்தில் இருந்த நண்பனிடம் சொல்லியும் தொலைத்தேன். எதிர் மேசையில் பத்திரிகை படித்துக்கொண்டிருந்த வயதான அம்மா தலை நிமிர்ந்தார். கோபமே இல்லை. "மோனே, அது நடக்கும்போழ் நிலத்தில் விரிக்குந்ந துணியாணு. நான் சின்னப்போழே கேட்டது" என்றார். பெரியவர்கள் நடக்கக் கீழே விரிக்கும் துணி. பகலிலும் விளக்கு, நடக்கத் துணி, குடை, பல்லக்கு என்று வரிசையாகப் படித்தால் புரிந்திருக்கும். சொந்தமாகப் படிக்கத் தெரிந்த எனக்குப் புரியாதது, வட்டெழுத்தே தெரியாத அவருக்கு வாய்வழியாக வந்து சேர்ந்திருந்தது. அவர் யார் என்று கேட்கும் தைரியம் வரவில்லை.

(அது தமிழா மலையாளமா என்று யாராவது ஆரம்பித்தால் நான் இழையை விட்டுப் போய்விடுவேன்.)

தாணே மாமி

தமிழ்தான்!

மார்த்தாண்டம்காரி

நான் இஸ்ரேலில் ஏழு வருடம் வீட்டுப் பராமரிப்பு வேலையில் இருந்தேன். தெற்கே நெகேவ் பக்கம் ஒரு மோஷாவ், அதாவது கூட்டுறவு விவசாயக் கிராமம். கொச்சிக்காரர்கள் 1954, 55ல் போய்க் குடியேறிய ஊர்களில் ஒன்று. நான் பார்த்துக்கொண்ட அம்மச்சி பரவூர்க்காரி, சிறுமியாகக் கப்பல் ஏறியவர். எனக்கு மலையாளம் தெரியும் என்பதற்காகவே என்னை வைத்துக்கொண்டார்கள். ஹீப்ரூ பேசுவார், வலி வந்தால் மலையாளம்.

ஊர்ப் பொதுக்கூடத்தில் ஓர் அறை நூலகம். அங்கே பெண்கள் பாட்டுகளைத் தொகுத்த சிறு புத்தகம் இருந்தது, மலையாளமும் ஹீப்ரூவும் சேர்ந்து. கொச்சியில் பெண்கள் பாட்டுகளை நோட்டில் கையால் எழுதி மகளுக்குக் கொடுப்பார்களாம். கல்யாணத்தில் பாடுவது, பள்ளி கட்டிய கதை, கிளிப் பாட்டு. வெள்ளிக்கிழமை எடுத்து வந்து, மறுநாள் மத்தியானம் அவர் படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தேன். ஒரு பாட்டு முடியவில்லை, கையைத் தூக்கினார். "எங்கட பரவூரில் இங்ஙனெ அல்ல." சொல்லிவிட்டுப் பாடத் தொடங்கினார். மூன்று வருடமாகப் பேசவே மூச்சு வாங்கியவர். எட்டு வரி. புத்தகத்தில் இருந்ததைவிட மூன்று வரி கூடுதல்.

நான் பேனாவை எடுத்தேன். டக்கென்று என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "மோளே, இந்நு சபத்." சனிக்கிழமை எழுதக் கூடாது. நான் கிறிஸ்தவள், எனக்கு அந்த விதி இல்லை, ஆனால் அந்தக் கட்டிலில் உட்கார்ந்து எப்படி எழுதுவது? மனப்பாடம் செய்துகொள்ளலாம் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். நடுவில் மருந்து, சூப், ஒரு பேரன் போன். வானத்தில் மூன்று நட்சத்திரம் தெரிந்து சபத் முடிந்ததும் நோட்டை எடுத்தேன். ஆறு வரிதான் வந்தது. கேட்டால், "நாளைக்குச் சொல்கிறேன்" என்றார். அந்த நாளைக்கு அவருக்குக் காய்ச்சல். பிறகு ஆஸ்பத்திரி.

அலமாரி அண்ணா ஒலிப்பதிவு செய்திருக்கலாமே என்று எழுதுவதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்: போனும் சபத்தில் தொடக் கூடாது.

அலமாரி

அக்கா, நான் அதைக் கேட்க வரவில்லை. அந்த ஆறு வரியை இங்கே போடுங்கள். பரவூர்க்காரர்கள் வேறு யார் நோட்டிலாவது மீதி இருக்கலாம். எழுதிய நோட்டில் செல்லோடேப் மட்டும்...

மார்த்தாண்டம்காரி

நோட்டு மார்த்தாண்டத்தில் அம்மா வீட்டுப் பரணில் இருக்கிறது. கிறிஸ்துமஸுக்குப் போகும்போது எடுத்துப் போடுகிறேன். டேப் ஒட்டவில்லை.