சிப்பியில் பூசிய பெயின்ட் உரிந்து வருகிறது, என்ன செய்யலாம்?

உப்புவெளி அம்மா:
மகளுக்கு எட்டு வயது, மகனுக்கு ஐந்து. மார்கழி விடுமுறை, வெளியில் விடாத மழை. ஆவணியில் கடற்கரையில் பொறுக்கிய சிப்பியும் கல்லும் ஒரு வாளி நிறையக் கிடந்தன. போஸ்டர் கலர் வாங்கிக் கொடுத்து வரையச் சொன்னேன். முதல் நாள் நல்ல வடிவாக இருந்தது. மூன்றாம் நாள் சிப்பிகளில் மாவு தூவினதுபோல வெள்ளை படர்ந்து, பெயின்ட் செதில் செதிலாக உரிகிறது. கல்லில் வரைந்த மீன்கள் உரியவில்லை, ஆனால் தொட்டால் நிறம் கையில் ஒட்டுகிறது. கிணற்றுத் தண்ணீரில் கழுவித்தான் கொடுத்தேன். மலிவுப் பெயின்ட் என்பதாலா?

மழைக்காலம்:
வினாகிரியில் ஊறப்போடுங்கள் அக்கா, பளிச்சென்று வரும்.

சித்திரப்பாடம்:
வினாகிரி வேண்டாம். சிப்பி என்பது கல்சியம் காபனேற்று, அமிலம் அதைக் கரைத்துவிடும். நுரைத்துப் போவது அழுக்கு மட்டுமில்லை, சிப்பியும்தான். பளிச்சிட வேண்டும் என்று பிளீச்சையும் சேர்த்துவிடாதீர்கள், இரண்டும் கலந்தால் நச்சு வாயு வரும்.

அந்த வெள்ளை, உப்பு. கடல்நீரில் லீட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. அது சிப்பியின் நுண்துளைகளில் தங்கிவிடும். காற்றின் ஈரப்பதன் 75 வீதத்தைத் தாண்டினால் உப்பு ஈரத்தை இழுத்துக் கசியும், காய்ந்தால் திரும்பப் படிகமாகும். அந்தப் படிகம்தான் பெயின்டை அடியிலிருந்து தள்ளுகிறது. வாடைக் காலத்தில் கேட்கவா வேண்டும்! உங்கள் கிணறு உவரா?

உப்புவெளி அம்மா:
உவர்தான். சமையலுக்கே பைப் தண்ணீர்தான் பிடிக்கிறோம். உப்புவெளியில் இருந்துகொண்டு உப்பை யோசிக்கவில்லை பாருங்கள்.

சித்திரப்பாடம்:
அப்போ பைப் தண்ணீரில் நான்கைந்து நாள் ஊறட்டும், தினமும் தண்ணீரை மாற்றுங்கள். பழைய பல் பிரஷால் தேய்த்து, ஃபேனுக்குக் கீழே இரண்டு நாள் காயவிடுங்கள். சோகி (சோழி) வழுவழுப்பு, பெயின்ட் பிடிக்காது. அதை மட்டும் சாண்ட் பேப்பரால் லேசாக உரசுங்கள்.

கையில் ஒட்டுவது வேறு பிரச்சினை. போஸ்டர் கலர் காய்ந்த பிறகும் ஈரம் பட்டால் கரையும். மூன்று பங்கு பெயின்டுக்கு ஒரு பங்கு பைண்டர் கம் (வெள்ளைப் பசை) கலந்தால் பிடிப்புக் கூடும். அக்ரிலிக் இன்னும் நல்லது, காய்ந்தால் பிளாஸ்டிக் படலம் மாதிரி. ஆனால் உடுப்பில் பட்டுக் காய்ந்தால் லேசில் போகாது. எதுவானாலும் தடிப்பாக அப்பாமல், மெல்லிசாக இரண்டு தடவை. வார்னிஷ் அடிப்பதென்றால் பிள்ளைகளிடம் கொடுக்காமல் நீங்களே அடியுங்கள்.

நிலாவெளியான்:
வாளிக்குள் முருகைக்கல் (பவளப்பாறைத் துண்டு) கிடக்கிறதா என்றும் பாருங்கள். நிலாவெளிக்கு எதிரே கடலில் இருக்கும் புறாத்தீவு 2003 இல் தேசியப் பூங்காவாகிவிட்டது, அங்கிருந்து ஒரு துண்டும் எடுக்கக்கூடாது.

உப்புவெளி அம்மா:
இல்லை, எல்லாம் வீட்டுக்கு முன்னால் கரையில் பொறுக்கியவை.

பத்து நாள் கழித்து வந்து எழுதுகிறேன். மழை விடவே இல்லை, ஆனால் வெள்ளை வரவில்லை. மகன் கம் கலந்து வரைந்தான், பரவாயில்லை. மகள் அக்ரிலிக்தான் வேண்டுமென்று நின்றாள். இப்போது பள்ளிக்கூடச் சட்டையில் ஒரு நீல மீன் இருக்கிறது. அதை எப்படி எடுப்பது?