தில்லிப் பேருந்துச் செய்திகள் நம்மை எதைக் கண்டு அஞ்ச வைத்தன?

கயல்விழி:
2012 டிசம்பர் 16 இரவு தில்லியில் ஓடும் பேருந்தில் ஒரு மாணவிக்கு இழைக்கப்பட்ட கொடுமையைத் தொலைக்காட்சிகள் வாரக்கணக்கில் ஒளிபரப்பியபோது, நான் மதுரையில் ஒரு மகளிர் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். அந்த மாதமே விடுதிக் கதவை அடைக்கும் நேரம் எட்டு மணியிலிருந்து ஆறரைக்கு மாறியது. மாலையில் நூலகம் போவது நின்றது. அப்பா நாள்தோறும் ஊரிலிருந்து அழைத்து, "உள்ளே வந்துவிட்டாயா?" என்று கேட்கும்போது, அவர் குரலுக்குப் பின்னால் செய்தி வாசிப்பவரின் குரலும் கேட்கும். ஆனால் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2013-இல் பதிவான பாலியல் வன்கொடுமை வழக்குகளில் 100-க்கு 94-இல் குற்றம் சாட்டப்பட்டவர் முன்பே தெரிந்தவர். இருட்டுக்கும் பேருந்துக்கும் அஞ்சப் பழகிய நாங்கள், விடுமுறைக்கு உறவினர் வீட்டுக்குத் தனியே போக ஒருநாளும் அஞ்சியதில்லை.

தென்பொதிகை:
உங்கள் விடுதி செய்தது அநீதிதான். ஆனால் அந்தப் பழியைச் செய்தியின்மேல் போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. 2012-இல் 24,923 ஆக இருந்த வழக்குகள் 2013-இல் 33,707 ஆயின. ஓராண்டுக்குள் குற்றமே அவ்வளவு பெருகிவிட்டது என்று நான் நம்பவில்லை. புகார் கொடுக்கத் துணிந்தவர்கள் பெருகினார்கள் என்றே கருதுகிறேன். அந்த வெளிச்சம் இல்லாவிட்டால், பாலியல் குற்றச் சட்டங்களைத் திருத்தப் பரிந்துரைக்க அரசு அமைத்த நீதிபதி வர்மா குழு ஒரே மாதத்தில் அறிக்கை கொடுத்திருக்காது. இத்தகைய புகாரைப் பதிய மறுக்கும் காவலருக்கே சிறைத் தண்டனை தரும் 166ஏ பிரிவும் அன்றைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் வந்திருக்காது. 2006 செப்டம்பர் 29 அன்று மகாராட்டிரத்தின் கயர்லாஞ்சியில் தலித் குடும்பம் ஒன்றில் நால்வர் கொல்லப்பட்டபோது, தேசிய ஊடகங்கள் திரும்பிப் பார்க்கவே ஏறத்தாழ ஒரு மாதம் ஆனது. மிகையாக வந்த செய்தியைவிட, வராமற்போன செய்தியே என்னை அச்சுறுத்துகிறது.

கயல்விழி:
கயர்லாஞ்சி என் வாதத்துக்குத்தான் வலுச் சேர்க்கிறது, ஐயா. அங்கே கொன்றவர்கள் அதே ஊர்க்காரர்கள். முகம் தெரியாதவன் பெருநகரில் செய்தால் தலைப்புச் செய்தி, ஊர்க்காரர்களே கூடிச் செய்தால் ஒரு மாத மௌனம் என்றால், வன்முறை எங்கிருந்து வரும் என்பதை மக்கள் தவறாகத்தானே புரிந்துகொள்வார்கள்?

பழைய துணையாசிரியர்:
நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல வேண்டும். தந்தையோ மாமனோ குற்றவாளியாகும் வழக்கில் அவர் பெயரை அச்சிட்டால் சிறுமியை ஊருக்கே காட்டிக்கொடுத்ததாகும். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டத்தின் 23-ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது, தடுக்கத்தான் வேண்டும். ஆகவே பெயர், தெரு, படம் எல்லாவற்றையும் நீக்கிய பிறகு நான்கு வரிதான் மிஞ்சும். நான்கு வரிச் செய்தி உள்பக்கத்தின் மூலைக்குத்தான் போகும். முன்பின் தெரியாதவன் செய்த குற்றத்துக்கு இடம், நேரம், வரைபடம் அனைத்தும் கிடைக்கும். அந்த ஏற்றத்தாழ்வுக்கு நானும் உடந்தையாக இருந்திருக்கிறேன் என்பது இன்றும் உறுத்துகிறது.

கயல்விழி:
நன்றி, ஐயா. சட்டம் மறைக்கச் சொல்வது அடையாளத்தைத்தான், எண்ணிக்கையை அன்று. மாவட்டத்தில் அந்த மாதம் பதிவான வழக்குகளில் உறவினர் எத்தனை பேர், அண்டை வீட்டார் எத்தனை பேர், முன்பின் தெரியாதவர் எத்தனை பேர் என்று அதே பக்கத்தில் மாதம் ஒருமுறை அச்சிட்டிருந்தால், அப்பா மாலை அழைப்பில் இன்னொரு கேள்வியும் கேட்டிருப்பார்.