தோள் பிடித்துவிடும்போது கை வலிக்கிறது, நாளைக்குள் வழி சொல்லுங்கள்

மாலைநேரம் (இரவு 10.50)

அனைவருக்கும் வணக்கம். சில வாரங்களாக இரவில் என் மனைவிக்குத் தோளும் முதுகும் பிடித்துவிடுகிறேன். இது நோய்க்கான சிகிச்சை அல்ல. நாள் முழுதும் ஓடிக் களைத்தபின் இருவரும் பேசிக்கொண்டே இளைப்பாறும் நேரம் அது ஒன்றுதான். தொடக்கத்தில் எந்தச் சிரமமும் இருக்கவில்லை. இப்போதோ பத்து நிமிடம் ஆவதற்குள் கை வலிக்கத் தொடங்கிவிடுகிறது, அவளோ இன்னும் சற்று அழுத்திப் பிடிக்கும்படி கேட்கிறாள். தொழிலாகச் செய்பவர்கள் ஒரு மணி நேரம் எப்படித் தாக்குப்பிடிக்கிறார்கள்? நாளை அவளுக்குப் பிறந்தநாள், நெடுநேரம் பிடித்துவிடுவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். விரைவாகப் பதில் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

சின்னக்குருவி (இரவு 11.05)

கை என்று பொதுவாகச் சொன்னால் எதை வைத்துப் பதில் சொல்வது? விரல் நுனியா, கட்டைவிரலின் அடியா, மணிக்கட்டா, முன்கையா? ஒரு கையிலா, இரண்டிலுமா? மனைவி படுத்திருக்கிறாரா, உட்கார்ந்திருக்கிறாரா? நீங்கள் எந்த விரலால் அழுத்துகிறீர்கள்? இவற்றைச் சொல்லுங்கள்.

எண்ணெய்க்கிண்ணம் (இரவு 11.20)

பெரும்பாலான வீடுகளில் கை வலிப்பதற்குக் காரணம் எண்ணெய்தான். எண்ணெய் குறைந்தால் தோல் கையோடு இழுபடும், ஒவ்வொரு நீவலுக்கும் கூடுதல் பலம் தேவைப்படும். மிகுந்துவிட்டாலோ கை வழுக்கும், வழுக்கக்கூடாது என்று விரல்களை இறுக்குவீர்கள், அந்த இறுக்கமே முன்கையில் வலியாக ஏறும். முதுகு முழுவதற்கும் ஒரு தேக்கரண்டியில் தொடங்கி, தேவைப்பட்டால் மட்டும் சேர்த்துக்கொள்வது என் வழக்கம். எண்ணெயை நேராக முதுகில் ஊற்றாமல் உள்ளங்கையில் விட்டுத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்ள வேண்டும். தேங்காயெண்ணெய் என்றால் 24 பாகை செல்சியசுக்குக் கீழே உறைந்துவிடும், முன்கூட்டியே உருக்கி வையுங்கள். பாதாம் எண்ணெய் என்றால் கொட்டைகளுக்கு ஒவ்வாமை உண்டா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். நீங்கள் பயன்படுத்துவது எந்த எண்ணெய்?

தச்சன்மகன் (இரவு 11.45)

எண்ணெயைப் பிறகு பார்க்கலாம், முதலில் உயரம். நிமிர்ந்து நின்று கைகளைத் தொங்கவிட்டு விரல்களை மடக்கி மூடினால், விரல்முட்டிகள் மேசையின் பரப்பைத் தொட வேண்டும். மசாஜ் மேசைக்கு உயரம் குறிக்க எல்லாரும் முதலில் பார்க்கும் அளவு அதுதான். கட்டில் அதைவிடத் தாழ்வானது, மெத்தை மென்மையானது. நீங்கள் கொடுக்கும் அழுத்தத்தில் ஒரு பங்கை மெத்தை விழுங்கிவிடுகிறது, மீதிதான் முதுகுக்குப் போகிறது. அதனால் அவர் இன்னும் அழுத்தச் சொல்கிறார், நீங்களும் குனிந்து நின்று உடல் எடையைப் பயன்படுத்த முடியாமல் விரலால் ஈடுகட்டுகிறீர்கள். தரையில் தடித்த போர்வையை இரண்டாக மடித்து விரித்து, பக்கத்தில் மண்டியிட்டுப் பாருங்கள். அதுவும் முடியாவிட்டால் ஒரு நாற்காலியைத் திருப்பிப் போட்டு, முதுகுச்சாய்வில் தலையணையை வைத்து, அதைக் கட்டிக்கொண்டு உட்காரச் சொல்லுங்கள்.

நெடுநாள்வாசகர் (காலை 6.10)

இந்தக் கேள்வியை எத்தனை முறை, எத்தனை பேர் கேட்டுவிட்டார்கள்! அடிப்படையைக் கற்காமல் காணொளியைப் பார்த்துவிட்டுக் கைவைப்பவர்களுக்கு இதுதான் நேரும். ஸ்வீடன் நாட்டு லிங் வகுத்த ஐந்து அசைவுகளையாவது தெரிந்துகொண்டு வந்திருக்க வேண்டும்: நீவுதல், பிசைதல், ஓரிடத்தில் அழுத்தித் தேய்த்தல், தட்டுதல், அதிரவைத்தல். நீங்கள் கட்டைவிரலால் குத்தி அழுத்துகிறீர்கள் என்பது உங்கள் எழுத்திலேயே தெரிகிறது. கட்டைவிரலின் நுனியில் 1 கிலோ விசையில் கிள்ளினால், அதன் அடிமூட்டில் ஏறத்தாழ 12 கிலோ அளவுக்குச் சுமை விழும் என்று 1977இல் வெளிவந்த உயிர்விசையியல் ஆய்வு ஒன்று கணக்கிட்டுச் சொன்னது. எனவே கட்டைவிரலை ஓய்வெடுக்கவிட்டு, முழங்கையால் ஆழமாக இறக்குங்கள். ஆழமாகப் பிசைந்தால்தான் தசையில் தேங்கிய லாக்டிக் அமிலம் வெளியேறும், உங்கள் மனைவி கேட்கும் அழுத்தமும் அதற்காகத்தான். இது தெரியாமல் பிறந்தநாளுக்கு வாக்குக் கொடுப்பது பொறுப்பான செயல் அல்ல.

நீலவானம் (காலை 7.00)

இயன்முறை மருத்துவம் படித்தவள் என்ற முறையில் இரண்டு திருத்தங்கள் சொல்ல வேண்டியிருக்கிறது. கடும் உடற்பயிற்சியின்போது தசையில் கூடும் லாக்டேட் (லாக்டிக் அமிலம் உடலில் இருக்கும் வடிவம்), பயிற்சியை நிறுத்திய ஏறத்தாழ ஒரு மணி நேரத்திற்குள் யாரும் பிசையாமலே இயல்பு நிலைக்குத் திரும்பிவிடும். இதயம் அதை எரிபொருளாக எடுத்துக்கொள்ளும், கல்லீரல் அதைச் சர்க்கரையாக மாற்றிக்கொள்ளும். நாள் முழுதும் வேலைசெய்து களைத்த ஒருவரின் தோளில் அது தேங்கிக் கிடப்பதே இல்லை. அழுத்தினால் ஏன் சுகமாக இருக்கிறது என்பது வேறு கேள்வி, அதற்கு நரம்பு மண்டலத்தைத்தான் பார்க்க வேண்டும். அடுத்தது, முழங்கையைப் பழக்கமில்லாதவர் கையில் கொடுக்காதீர்கள். முழங்கைக்குத் தொடு உணர்வு குறைவு, முதுகெலும்பின் மேலோ சிறுநீரகப் பக்கமோ இறங்கினால் கொடுப்பவருக்கு அது தெரியவே தெரியாது.

கேள்வி கேட்டவர் வலிக்கும் இடத்தை இன்னும் சொல்லவில்லை. அது தெரியாமல் நாம் எல்லாரும் ஊகித்துக்கொண்டிருக்கிறோம்.

நெடுநாள்வாசகர் (காலை 7.25)

நீங்கள் பிறப்பதற்கு முன்பிருந்தே மசாஜ் பற்றிப் படித்துவருகிறேன். கழிவு வெளியேறாது என்றால், மசாஜுக்குப் பிறகு நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்வது எதற்காம்?

சின்னக்குருவி (காலை 7.40)

வழக்கமாகச் சொல்லிவருவதால் சொல்கிறார்கள், ஐயா. தாகம் எடுத்தால் குடிக்கலாம். தசையிலிருந்து கழிவைப் பிழிந்து எடுப்பதாக நினைத்துக்கொள்வதால்தான், அன்போடு கைவைக்க வந்தவர்கூட வலிக்க வலிக்க அழுத்தத் தொடங்கிவிடுகிறார். அதுதான் என் வருத்தம்.

மேலும், நீங்கள் சொன்ன ஐந்து அசைவுகளை லிங் பெயரில் ஏற்றுவதும் சரியல்ல. அவர் 1813இல் ஸ்டாக்ஹோமில் நிறுவிய கழகம் முதன்மையாக உடற்பயிற்சிக்கானது. பிரெஞ்சுப் பெயர்களோடு இன்று வழங்கும் பாகுபாட்டை, லிங்கின் காலத்துக்குப் பிறகு வந்த யோஹான் மெட்ஸ்கர் என்ற டச்சு மருத்துவரோடுதான் வரலாற்றை ஆராய்ந்தவர்கள் இணைத்துச் சொல்கிறார்கள்.

நெடுநாள்வாசகர் (காலை 7.50)

பெயர் யாருடையதாக இருந்தாலும் அசைவு அதே அசைவுதான். கட்டைவிரலைப் பற்றி நான் சொன்னதை யாரும் மறுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

மாலைநேரம் (காலை 8.30)

தாமதத்திற்கு மன்னிக்கவும். வலி வலக்கையில் மட்டும்தான். கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டின் ஓரமாக. கட்டிலில்தான் செய்கிறேன், அவள் ஒருக்களித்துப் படுத்திருப்பாள். எண்ணெய் எதுவும் இல்லை, உடுத்திய ஆடையின் மேலேயே இரண்டு கட்டைவிரலாலும் அழுத்துகிறேன். இவற்றையெல்லாம் சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை.

எண்ணெய்க்கிண்ணம் (காலை 8.40)

எண்ணெயே இல்லை என்பதும் எண்ணெய்ச் சிக்கல்தான். துணியின் மேல் கை வழுக்கிச் செல்லாது, ஆகவே நீவ முடியாமல் குத்தி அழுத்துவதைத் தவிர உங்களுக்கு வேறு வழி இருந்திருக்காது.

நீலவானம் (காலை 8.55)

அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் இரண்டு கட்டைவிரலாலும் அழுத்துபவருக்கு ஒரு கையில் மட்டும், அதுவும் மணிக்கட்டின் ஓரத்தில் வலிப்பது என்னை யோசிக்க வைக்கிறது. தோள் பிடித்துவிடாத நேரத்திலும் வலிக்கிறதா? புட்டி மூடியைத் திருகும்போது, துணி பிழியும்போது, கனமான எதையாவது தூக்கும்போது?

மாலைநேரம் (காலை 9.10)

குழந்தையைத் தூக்கும்போது வலிக்கிறது. எங்களுக்கு நான்கு மாதக் குழந்தை இருக்கிறது. பகலில் வீட்டிலிருந்து வேலை பார்ப்பதால் பெரும்பாலும் நான்தான் தூக்கி வைத்திருக்கிறேன்.

நீலவானம் (காலை 9.35)

நண்பரே, உங்கள் கேள்வியின் பாதி இந்த வரியில்தான் இருந்தது. கட்டைவிரலை விரிக்கவும் உயர்த்தவும் உதவும் இரண்டு தசைநாண்கள், மணிக்கட்டின் ஓரத்தில் குறுகலான ஓர் உறைக்குள் ஓடுகின்றன. திரும்பத் திரும்ப ஒரே சுமை விழும்போது அந்த உறை தடித்துவிடும், நாண் அதற்குள் உரசிக்கொண்டு நகரும். 1895இல் இதை விவரித்த சுவிட்சர்லாந்து அறுவை மருத்துவர் டி குவெர்வைன் பெயராலேயே இந்த நிலை அழைக்கப்படுகிறது. கைக்குழந்தையைத் தூக்குபவர்களுக்கு இது வருவது வழக்கம், ஏனென்றால் அக்குளுக்கு அடியில் கட்டைவிரலை விரித்துக் கவ்வித் தூக்கும் ஒவ்வொரு முறையும் அந்த நாண்கள்தாம் இழுபடுகின்றன. பகலில் குழந்தை, இரவில் கட்டைவிரலால் அழுத்துவது என்று ஒரே இடத்தில் இரண்டு சுமைகளை ஏற்றிவருகிறீர்கள்.

கட்டைவிரலை உள்ளே வைத்து மற்ற விரல்களால் மூடி, முட்டியைச் சுண்டுவிரல் பக்கமாக மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். ஓரத்தில் சுள்ளென்று வலித்தால் அதோடு நிறுத்திவிட்டு ஒரு மருத்துவரைப் பாருங்கள். இந்தச் சோதனை நலமான கையிலும் சிறிது வலிக்கக்கூடும், ஆகவே இதை மட்டும் வைத்து நீங்களாக முடிவுகட்ட வேண்டாம். குழந்தையைக் கவ்வித் தூக்காமல், இரு உள்ளங்கைகளும் மேல்நோக்கி இருக்க, தலைக்கு அடியிலும் இடுப்புக்கு அடியிலும் கொடுத்து ஏந்தி எடுங்கள்.

இன்று இரவைப் பொறுத்தவரை கட்டைவிரலுக்கு வேலையே வேண்டாம். தச்சன்மகன் சொன்னபடி நாற்காலியைத் திருப்பிப் போடுங்கள். பின்னால் நின்று, ஒரு காலை முன்வைத்து, கழுத்துக்கும் தோள்முனைக்கும் நடுவிலுள்ள சதைப்பற்றான இடத்தில் முன்கையின் தட்டையான பகுதியைப் படியவைத்து, நீங்கள் அழுத்தாமல் உங்கள் உடல் எடை மெல்லச் சாயும்படி விடுங்கள். அழுத்தம் எவ்வளவு என்று ஒன்று முதல் பத்துவரை அவரையே ஓர் எண்ணைச் சொல்லச் சொல்லி, ஐந்து அல்லது ஆறில் நில்லுங்கள். அவர் மூச்சு விடும்போது சாயுங்கள், மூச்சு இழுக்கும்போது எடையைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். கழுத்தின் முன்பக்கத்திலும் முதுகெலும்பின் மேலும் கை போக வேண்டாம்.

அதன்பிறகு அவர் விரும்பினால் முதுகில் எண்ணெய் தடவி, உள்ளங்கையால் நீவுங்கள். மென்மையான வருடலை உணர்வதற்கென்றே தோலில் மெல்லிய நரம்பு நார்கள் உள்ளன. அவை நொடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வரையிலான வேகத்துக்கே நன்றாக எதிர்வினை காட்டும், அதிலும் 3 சென்டிமீட்டர் அளவில் தொடுகை மிக இதமாக இருக்கும். 45 சென்டிமீட்டர் நீளமுள்ள முதுகு என்றால், கழுத்திலிருந்து இடுப்புக்குக் கை போய்ச்சேர 15 நொடி ஆக வேண்டும். செய்து பாருங்கள், முதல் தடவை அது தாங்க முடியாத அளவுக்கு மெதுவாகத் தோன்றும், இரண்டே நொடியில் கை கீழே ஓடிவிடும். மனைவி இன்னும் அழுத்தமாக வேண்டும் என்று கேட்பது, பல நேரங்களில் இன்னும் மெதுவாக, ஒரே இடத்தில் இன்னும் கொஞ்சநேரம் வேண்டும் என்பதுதான். கேட்பவருக்கே அதற்கு வேறு சொல் கிடைப்பதில்லை.

சின்னக்குருவி (காலை 9.50)

குழந்தை பிறந்து நான்கு மாதம்தான் ஆகிறது என்பதால் ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். எப்போதாவது மனைவியின் ஒரு கெண்டைக்காலில் மட்டும் வீக்கமும் வலியும் சூடும் இருந்தால், அங்கே பிடித்துவிடவே கூடாது. உள்ளே இரத்தம் உறைந்திருக்கலாம், அன்றே மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.

நெடுநாள்வாசகர் (காலை 10.15)

கட்டைவிரல்தான் காரணம் என்று நான் அதிகாலையிலேயே சொன்னேன்.

தச்சன்மகன் (காலை 10.30)

சொன்னீர்கள். ஆனால் பிடித்துவிடாத நேரத்திலும் வலிக்கிறதா என்று கேட்டவர் நீலவானம். மாலைநேரம் அவர்களே, நாற்காலி நகராமல் சுவரோடு ஒட்டிப் போட்டுக்கொள்ளுங்கள். எடை சாயும்போது அது முன்னே வழுக்கும்.

மாலைநேரம் (மூன்றாம் நாள், இரவு 9.20)

நாற்காலி, முன்கை, பிறகு எண்ணெய். இருபது நிமிடத்தில் தலையணையில் முகம் புதைத்தபடியே தூங்கிவிட்டாள். எனக்கு வலி வரவில்லை. நீலவானம் சொன்ன பெயரையே மருத்துவரும் சொன்னார், கட்டைவிரலை அசையாமல் வைக்க ஒரு தாங்குபட்டை கொடுத்திருக்கிறார். அனைவருக்கும் நன்றி.

எண்ணெய்க்கிண்ணம் (மூன்றாம் நாள், இரவு 9.45)

மிக்க மகிழ்ச்சி. எந்த எண்ணெய், எவ்வளவு எடுத்தீர்கள் என்று மட்டும் எழுதிவிடுங்கள், பின்னால் இதே கேள்வியோடு வருபவர்களுக்குப் பயன்படும். துடைத்த துண்டைச் சூடான நீரில் நன்றாக அலசிக் காற்றில் உலர்த்துங்கள். எண்ணெய் ஊறிய துண்டுகளை உலர்த்தும் இயந்திரத்திலிருந்து சூட்டோடு எடுத்துக் குவித்து வைத்தால் தானாகவே தீப்பற்றக்கூடும்.