புதுப்பிப்பு: அரசுச் சேவைக்கு நேட்டிவ் ஆப்பா, ஃப்ளட்டரா? பொதுமக்களுக்கு இரண்டும் இல்லாமல் முடிந்தது

சான்றிதழ் விண்ணப்பச் சேவைக்கு ஆண்ட்ராய்டு, ஐஓஎஸ் இரண்டுக்கும் தனித்தனி (நேட்டிவ்) ஆப் எழுதுவதா, ஒரே கோடில் இரண்டுக்கும் ஆப் செய்யும் ஃப்ளட்டரில் ஒன்றாக முடிப்பதா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

"எப்போதாவது ஒருமுறை விண்ணப்பிக்க வருபவர் எதற்கு ஆப் இறக்க வேண்டும்? பி.டபிள்யூ.ஏ. போதும்" என்று ஒருவர் சொன்னாரே, அதைத்தான் எடுத்தோம். பி.டபிள்யூ.ஏ. என்றால் ஆப் போலவே நடந்துகொள்ளும் இணையதளம். படிவம் நிரப்புவது, ஆவணத்தைப் படமெடுத்து ஏற்றுவது, நிலை பார்ப்பது எல்லாம் பிரவுசரிலேயே ஓடுகின்றன. திருத்தம் என்றால் சர்வரில் மாற்றினால் சரி, ஸ்டோர் ஒப்புதலுக்குக் காத்திருக்க வேண்டாம். சிக்னல் இல்லாத இடத்தில் நாள் முழுக்க வேலை செய்யும் களப்பணியாளர்களுக்கு மட்டும் ஃப்ளட்டர் ஆப்.

எதிர்பாராதது ஐபோனில் வந்தது. ஹோம் ஸ்கிரீனில் சேர்க்காமல் சஃபாரியிலேயே திறப்பவர், சஃபாரியைப் பயன்படுத்தும் 7 நாட்களுக்கு நம் தளத்தைத் தொடாவிட்டால், இண்டெக்ஸ்டுடிபியில் (பிரவுசர் தன்னிடமே தகவலைச் சேமிக்கும் இடம்) இருக்கும் பாதி நிரப்பிய படிவம் போய்விடும். உலாவியின் விதியே அப்படி. அதனால் வரைவை இப்போது சர்வரில் சேமிக்கிறோம். அப்புறம், புஷ் அறிவிப்பும் ஐஓஎஸ் 16.4 முதல்தான், அதுவும் ஹோம் ஸ்கிரீனில் சேர்த்தவர்களுக்கு மட்டும். எத்தனை பேர் சேர்க்கப் போகிறார்கள்? அதனால் எஸ்எம்எஸ் அறிவிப்பை எடுத்துவிடாதீர்கள்.