புதுப்பிப்பு: கல்யாண முருங்கைக் கட்டை லூர் இப்போது நேராக நீந்துகிறது

கல்யாண முருங்கைக் கட்டையில் செதுக்கிய லூர் (தூண்டிலில் கட்டி இழுக்கிற பொய்மீன்) தண்ணீரில் பக்கவாட்டில் சாய்ந்து சுழல்கிறது, என்ன செய்யலாம் என்று போன மாதம் கேட்டிருந்தேன். வயிற்றுப் பக்கம் பாரம் வை என்று சொன்ன முதுநகர் அண்ணனுக்கு முதல் நன்றி.

ஈயம் உருக்கவில்லை. அந்தப் புகை வீட்டுக்குள் வேண்டவே வேண்டாம். வீச்சு வலைக்குக் கோர்க்கிற ஈயக் குண்டையே வாங்கி, அடிவயிற்றில் துளை போட்டு எபாக்ஸி பசையால் அடைத்தேன். குண்டை ஒட்டுவதற்கு முன் டேப்பால் கட்டி வாளித் தண்ணீரில் மிதக்கவிட்டுப் பாருங்கள். முதுகு மேலே நின்றால் இடம் சரி.

அப்புறம் நாக்கு, அதாவது லூரின் முகத்தடியில் நீட்டிக்கொண்டிருக்கும் தகடு. பழைய சிடி உறையை வெட்டி வைத்தவர்கள் உண்டு, பாறையில் இடித்தால் அது உடைந்துவிடும். பாலிகார்பனேட் தேவலாம். நாக்கு உடலோடு நேர்கோட்டை நெருங்க நெருங்க லூர் ஆழமாக இறங்கும், செங்குத்தானால் மேலாகவே ஓடும். அரியாங்குப்பம் ஆற்றில் கொடுவா மீனுக்கு எனக்கு மேலோட்டமே பிடித்திருக்கிறது, அடியில் போனால் கிளையிலும் பழைய வலையிலும் மாட்டித் தொலைகிறது.

இன்னும் ஒரு பக்கமாக இழுத்தால் தூண்டில் நரம்பு கட்டும் மூக்குக் கம்பி வளையத்தை, லூரின் முகத்தை உங்களைப் பார்க்க வைத்துக்கொண்டு, அது போகவேண்டிய பக்கம் இம்மியளவு வளையுங்கள். கம்பி ஒரே துண்டாக மூக்கிலிருந்து வால் வரை ஓடட்டும். அதற்குப் பதில் திருகு ஆணி போட்டால், கொடுவா தலையை உதறும்போது கட்டையோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிடும்.

பெயின்ட் உரிவதுதான் பாக்கி. மரத்தை எண்ணெயில் ஊறவைத்துக் காயவிட்டவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.