100 யூனிட்டில் பில் 250, 101-இல் 454: சார்பில் எங்கே தப்பு?

கேள்வி:
மின்கட்டணத்தைத் துண்டுவாரிச் சார்பாக (யூனிட் வரம்பு ஒவ்வொன்றுக்கும் தனிச் சூத்திரம்) ஷீட்டில் போட்டிருக்கிறேன். ப என்பது யூனிட். முதல் 100-க்கு யூனிட் விலை 2, 101–300-க்கு 4, அதற்கு மேல் 7. நிலைக் கட்டணம் 50. (எண்களை எளிமையாக்கியிருக்கிறேன்.)

ப ≤ 100 எனில் 2ப + 50
101 ≤ ப ≤ 300 எனில் 4ப + 50
ப ≥ 301 எனில் 7ப + 50

350 யூனிட்டுக்கு 2500 காட்டுகிறது, பில்லில் 1400தான். 100.4 கொடுத்தால் 0 வருகிறது.

பதில் 1:
இரண்டும் வேறு வேறு கோளாறு. 0 வருவது எல்லையால்: 100-க்கும் 101-க்கும் நடுவே எந்தத் துண்டும் இல்லை. 100 < ப ≤ 300, ப > 300 என்று மாற்றுங்கள்.

2500 வரக் காரணம், 350 யூனிட்டையும் 7-ஆல் பெருக்கியிருக்கிறீர்கள். 7 என்பது 300-ஐத் தாண்டிய 50-க்கு மட்டும்தான். 100×2 + 200×4 + 50×7 + 50 = 1400. ஆக இரண்டாம் துண்டு 250 + 4(ப − 100), மூன்றாவது 1050 + 7(ப − 300). 250, 1050 இரண்டும் முந்தைய துண்டு முடியும் இடத்து மதிப்பு. அதனால்தான் வரைபடத்தில் கோடு அறுபடாமல் போகிறது.

பதில் 2:
இஃப்-க்குள் இஃப் வேண்டாம், ஒரே வரி போதும்:

50 + 2ப + 2×மேக்ஸ்(0, ப−100) + 3×மேக்ஸ்(0, ப−300)

மேக்ஸ் என்பது இரண்டில் பெரியதை எடுக்கும். பின்னிரண்டு பெருக்கெண்களும் விலை வித்தியாசம் (4−2, 7−4). அங்கே 4, 7 என்றே போடுவதுதான் வழக்கமாக நடக்கும் தப்பு.

சேமிப்பு பார்க்கச் சராசரியை எடுக்காதீர்கள். 350-க்குச் சராசரி 4. ஆனால் 60 யூனிட் குறைத்தால் மிச்சம் 240 அல்ல, 390. விலை கூடிய யூனிட்தான் முதலில் குறையும்.

கேள்வி கேட்டவர்:
சரியாகிவிட்டது. ஆனால் இன்னொரு பில்லிலும் அதே 350 யூனிட், தொகை மட்டும் 1210. ரீடிங் இடைவெளி 36 நாள்.

பதில் 1:
உங்கள் ஸ்லாப் (விலை மாறும் யூனிட் வரம்பு) 30 நாளுக்கானது என்றால் எல்லைகளும் 36/30 மடங்கு நீளும்: 120, 360. சூத்திரத்தில் 100, 300-க்குப் பதில் அவற்றைப் போடுங்கள்: 50 + 700 + 460 + 0 = 1210. நிலைக் கட்டணத்தை நீட்டவில்லை என்பதும் இதிலேயே தெரிகிறது. நீட்டியிருந்தால் 1220 வந்திருக்கும். நாள் எண்ணிக்கைக்குத் தனி நெடுவரிசை வையுங்கள்.

பதில் 2:
தண்ணீர் பில்லுக்கும் இதையே எடுத்துப் போடும் முன் ஒன்று பாருங்கள். சில கட்டண முறைகளில் எல்லை தாண்டினால் மொத்தப் பயன்பாட்டுக்கும் மேல் விலைதான். அங்கே நீங்கள் முதலில் எழுதிய, தாவுகிற சார்பே சரி. எல்லையைத் தாண்டிய பழைய பில் ஒன்றை இரண்டு விதமாகவும் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.